திருநீறு போட்டுத் தேய்த்த ரீல்

எங்கள் அப்பாவுக்கு ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட நாலு வாய்க்கு ஒரு தடவை எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். யாரும் வந்திருக்க மாட்டார்கள். சேரன்மகாதேவியில், எங்கள் தெருவில், அந்த நேரத்துக்கு வர யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் பார்ப்பார். வாசலிலிருந்து புறவாசல், புறவாசலிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து மறுபடியும் வாசல். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அம்மா சொல்வாள். அந்தக் குணம் அப்படியே எனக்கும் வந்திருக்கிறது. இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் அலுவலகத்தில், தனக்குத் தூண்டில் போடத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்து நின்றார்.

இதில் இரண்டு பொய் இருந்தது. தூண்டில் போட அவருக்குத் தெரியாது என்பது ஒன்று. இன்னொன்று இன்னும் பெரிது. எங்கள் வீடு சைவ வீடு. முட்டை போட்ட கேக் என்று சந்தேகம் வந்தாலே அந்தத் தட்டைப் புறவாசலில் வைத்துவிடுவார்கள். மீனை அப்பா ஆற்றில் நீந்தும்போது பார்த்திருக்கிறாரே தவிர, ஆற்றுக்கு வெளியே கிட்டத்தில் போய்ப் பார்த்தது கிடையாது.

எதற்காக அந்தப் பொய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதற்கு முன்னால் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்து மணி அவரோடு கூடவே வீட்டுக்கு வந்துவிடும். இன்ன கிழமைக்கு இன்ன குழம்பு, இன்ன நேரத்துக்கு டிவி, எந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு முடி வெட்டு என்பதெல்லாம் அவர் போட்ட கணக்கு. மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி நாலு தடவை எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான். ஆனால் முப்பத்தேழு வயதில் என் அப்பா ஒரு சட்டைத்துணி எடுக்க வேண்டும் என்றாலும், "அண்ணே, நீலத்துல எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அதில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வருடம் பங்குனியில், அப்பாவுக்கு மாறுதல் வரப் போகிறது, கோயம்புத்தூருக்கு என்று பேச்சு அடிபட்டது. யாரோ பெரியப்பாவிடம் வந்து சொல்லிவிட்டார்கள். ராத்திரி சாப்பாட்டில் பெரியப்பா மோர் ஊற்றிக்கொள்ளாமலே கேட்டார்.

"ஏலே, உன் பேரு லிஸ்டுல இருக்காம்லா? நெசமா?"

"அப்படித்தான் பேசிக்கிடுதாவ அண்ணே."

"அந்த ஆபீசரப் போயிப் பாரு. கையக் காலப் பிடிச்சாவது நிறுத்து. ஊரு பேரு தெரியாத எடத்துல போயி ஓட்டல் சோறு திங்கவா?"

"பாக்கேன் அண்ணே," என்று சொல்லிவிட்டு அப்பா வாசலைப் பார்க்க எழுந்து போனார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பெரியப்பா மகன், அதாவது அண்ணன், ஆனி மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது அவனுக்குப் பெரிய சைக்கிள். அவனுடைய பழைய சைக்கிள் எனக்கு. இது பெரியப்பாவே சபையில் வைத்துச் சொன்ன வாக்கு. கோயம்புத்தூருக்குப் போனால் சைக்கிள் யாருக்கு? அம்மாவிடம் கேட்டேன். "பேசாமப் படு," என்றாள். அண்ணனிடம் கேட்டேன். அவன், கோயம்புத்தூரில் வீடெல்லாம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும், பேச ஆளே இருக்காது, மதியானம்கூடக் குளிரும் என்றான். அவனும் போனதில்லை.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆபீசர் சென்னைப் பக்கத்துக்காரர். மாறுதல் விஷயமெல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்ததாம். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், தூண்டில். வந்த வாரமே, தாமிரபரணிக் கரையில் வேலை கிடைத்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகிறதே என்று புலம்பி, "இங்க யாருக்காவது தூண்டில் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கோப்பைப் பார்க்க, அப்பா எழுந்து நின்றிருக்கிறார். எழுந்து நிற்பது அவருக்குப் பழக்கம்தானே. உடனே ஆபீசர் பணத்தைக் கொடுத்து, நல்ல செட்டாகப் பார்த்து வாங்கி, பழக்கி, தயாராக வைத்திருங்கள், எனக்கு ஓய்வு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை போவோம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் செருப்பு வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அப்பா என்னை மேலப்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பாய் இருந்தார். சவூதியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையில் தூண்டில் போட்டவராம். ஊருக்கு வந்த பிறகு வீட்டு முன்னறையிலேயே தூண்டில் சாமான் விற்றார், ரிப்பேரும் பார்த்தார். சுவரோரம் கம்புகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. அப்பா போனவுடனே, இருப்பதிலேயே தடியான, கனமான கம்பைக் கையில் எடுத்தார்.

பாய் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, பாம்பு அடிக்கவா போறிய?"

அப்பாவும் சிரிப்பதுபோல் செய்துவிட்டு அதைச் சாத்தினார். பிறகு பாய் தானே ஒரு கம்பை எடுத்தார். இரண்டு துண்டாக வந்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது. நுனியை மேற்கூரையில் ஊன்றி வளைத்துக் காட்டினார். நுனி மட்டும் வளைந்தது, நடுவுக்கு மேலே பைய வளைந்தது, பிடி அசையவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து பார்க்கச் சொன்னார். நரம்பு, அதாவது நைலான் நூல், போகிற வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டுமாம். பிறகு கொஞ்சம் பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தார். நாலாவது வளையத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல். "இது நரம்ப அறுத்துரும்," என்று அந்தக் கம்பைக் கீழே வைத்துவிட்டு வேறு எடுத்தார். எனக்கு அந்தப் பஞ்சு வேலை மிகவும் பிடித்துவிட்டது. நானே மற்ற வளையங்களுக்கெல்லாம் விட்டுப் பார்த்தேன்.

ரீல் வெள்ளி நிறத்தில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் சத்தமே இல்லாமல் சுற்றியது. அதன் தலையில் திருகுபோல் ஒரு முடி. பாய் அதைக் காட்டி, "இதுதான் உசுரு," என்றார். மீன் பலமாக இழுக்கிறபோது ரீல் பிடிவாதம் பிடிக்கக் கூடாதாம். கொஞ்சம் வழுகி நரம்பை விட்டுக் கொடுக்க வேண்டும். எவ்வளவு விட்டுக் கொடுப்பது என்பதை அந்த முடியை இறுக்கியும் தளர்த்தியும் வைத்துக்கொள்ளலாம்.

"குடுக்காத சாமானம் அறுந்துரும் அண்ணாச்சி. வேலை முடிஞ்சதும் இந்த முடிய இறுக்கி, நல்ல தண்ணிய மேலாப்புல ஊத்திக் கழுவணும். தொடைக்கணும். அப்புறம் முடியத் தளத்தி நெழல்ல வைக்கணும். எண்ண ஒரே ஒரு சொட்டு. தையல் மிசின் எண்ண. மண்ணு மட்டும் ஒரு பொடி உள்ள போகப்படாது, பாத்துக்கிடுங்க."

அப்பா எல்லாவற்றையும் பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அது எழுதும் அளவுக்குப் பெரிய சீட்டு இல்லை. என்ன எழுதினார் என்று பிறகு அவருக்கே படிக்க முடியவில்லை.

வீட்டில் பெரியம்மா, செருப்பு எங்கே என்று கேட்டாள். "அளவு இல்ல," என்றேன். அப்பா என் தலையில் கை வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பொய்யர்களானோம். கம்பின் இரண்டு துண்டும் புறவாசலில் ஒட்டடைக் கம்போடு சேர்ந்துகொண்டன. ரீல் என் பொறுப்பு. என் சொப்புச் சாமான் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்தேன். பெட்டியை யாராவது திறந்தால் அடித்துவிடுவேன் என்று அண்ணனுக்குத் தனியாகச் சொல்லி வைத்தேன். அதனால் அவன் அன்றைக்கே திறந்து பார்த்துவிட்டான்.

விடியற்காலையில் நானும் அப்பாவும் ஆற்றுக்குப் போய்ப் பழகினோம். படித்துறையைத் தாண்டி, ஆள் வராத இடம். முதல் இரண்டு நாள் தூண்டில் முள் கட்டாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசினார். குண்டு முன்னால் போகாமல் பின்னால் போய் நாணலில் மாட்டும். மூன்றாம் நாள் நேராகப் போனது. ஆனால் தூண்டில்காரனுக்கு வேண்டியது பொறுமை. அது அப்பாவிடம் எங்கே இருக்கிறது? இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி இழுத்துப் பார்ப்பார். இன்னும் பத்து அடி தள்ளி நிற்போம் என்பார். அப்படியே தள்ளித் தள்ளி ஒரு நாள் பாலம் வரைக்கும் போய்விட்டோம்.

ஐந்தாம் நாள் ஒரு மீன் மாட்டிவிட்டது. உள்ளங்கை அளவு கெண்டை. அது கரையில் வந்து துள்ளியதும் அப்பா கம்பைப் போட்டுவிட்டு நாலு அடி பின்னால் போனார். நான் அவருக்குப் பின்னால். அதன் வாய் திறந்து திறந்து மூடியது. முள்ளை எப்படி எடுப்பது என்று பாயிடம் கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று அப்பா கூப்பிட்ட குரலில், தூரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, யாரோ ஆற்றோடு போகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். பார்த்துவிட்டு, ஒரே திருப்பில் முள்ளை எடுத்தார்.

"மீனு வேணுமா, வேண்டாமா?"

"நீங்களே கொண்டு போங்க," என்றார் அப்பா. பிறகு மூன்று முழுக்குப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். அந்த அண்ணாச்சி மறுநாள் கையில் ஒரு பையோடு வந்து எங்களுக்கு முன்னாலேயே காத்திருந்தார்.

ரகசியம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பெரியப்பா முருங்கைக்காய் பறிக்கப் புறவாசலுக்குப் போய், ஒட்டடைக் கம்பு என்று நினைத்துத் தூண்டில் கம்பை எடுத்துவிட்டார். காயைத் தட்டத் தட்டக் கம்பு வளைந்து வளைந்து வந்தது.

"இது என்ன கம்புலே, முருங்கக்காயப் பாத்து கும்பிடு போடுது?"

அப்பா வாயைத் திறந்து மூடினார். ஆற்றங்கரைக் கெண்டையின் ஞாபகம்தான் எனக்கு வந்தது. அம்மாதான் உடைத்துச் சொன்னாள். ஆபீசருக்கு இதில்தான் பிரியம், அவரோடு போய் நாலு நாள் நின்றால் காரியம் ஆகும் என்றாள். பெரியப்பா கம்பை மறுபடியும் ஒரு தடவை வளைத்துப் பார்த்தார். இடி விழப் போகிறது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"காரியம் ஆயிருமா?"

"ஆயிரும்னுதான் நெனைக்கேன் அண்ணே."

"சரி. முள்ளும் நரம்பும் நடை தாண்டி உள்ள வரப்படாது. ஆத்துல முழுகிட்டுத்தான் வாசல் ஏறணும். யாரும் கேட்டா ஒட்டடக் கம்புன்னு சொல்லு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து வீடே தூண்டிலில் இறங்கிவிட்டது. தம்பியை ஊரிலேயே இருத்திக்கொள்வதற்காகப் பெரியப்பா பாவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். காலையில் அப்பா திரும்பி வந்ததும், "எம்புட்டு தூரம் போச்சு?" என்று கேட்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தக் கோணத்தில் வீச வேண்டும் என்று கரும்பலகையில் போடுவதுபோல் விரலால் போட்டுக் காட்டுவார். மண்புழு என்ற பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்பதால், இரை செய்யும் பொறுப்பு பெரியம்மாவிடம் போனது. கோதுமை மாவும் கடலைப் பிண்ணாக்கும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்தாள். வாசனையைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வழியாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஆபீசர் சொல்லி அனுப்பினார். வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா நடக்கிற நடையில் தரை தேய்ந்துவிடும் போலிருந்தது. எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. வெள்ளிக்கிழமை மதியம் சொப்புப் பெட்டியைத் திறந்து ரீலைப் பார்த்தேன். தினமும் ஆற்றுக்குப் போய் வந்ததில் பளபளப்புப் போய் மங்கிக் கிடந்தது. ஒரு ஆபீசர் கையில் கொடுக்கிற பொருளா இது?

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பூஜைப் பாத்திரம் தேய்க்கிற நாள். பித்தளை என்றால் புளி. வெள்ளி என்றால் திருநீறு. இது சைவ வீட்டில் பிறந்த எந்தப் பெண்பிள்ளைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியம்மாவும் அம்மாவும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனதும், நான் கிணற்றடியில் உட்கார்ந்தேன். பூஜையறையிலிருந்து பெரியப்பாவின் திருநீற்றுச் சம்படத்தையே எடுத்து வந்திருந்தேன். அதைவிட நல்ல திருநீறு ஊரில் கிடையாது. முடியை நன்றாக இறுக்கினேன். பாய் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஈரத்துணியில் திருநீற்றைத் தொட்டு, மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டுத் தேய்த்தேன். இடுக்குகளுக்குள் நிறையவே போனது. போகட்டும், உள்ளேயும் சுத்தமாகும் என்று நினைத்தேன். கழுவினேன். தையல் மிஷின் எண்ணெய் கிடைக்கவில்லை. குத்துவிளக்கில் மீதி இருந்த நல்லெண்ணெயை ஊற்றினேன். ஒரு சொட்டு என்று பாய் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு சொட்டில் என்ன ஆகும்? ஒரு கரண்டி ஊற்றினேன். அது விளக்குபோல் மின்னியது. இரண்டு நாள் துணியில் சுற்றி வைத்தேன். முடியைத் தளர்த்த மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஒரு டிரைவர், அவர், அப்பா, இரை டப்பாவோடு நான். ஆற்றங்கரையில் அப்பா ரீலைக் கம்பில் மாட்டிக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். கரகர என்றது. அப்பா முகம் மாறியது. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதற்குள் ஆபீசர் கையை நீட்டிக் கம்பை வாங்கிக்கொண்டார்.

"அடடே, இப்பதான் பெட்டியிலேருந்து பிரிச்ச மாதிரி இருக்கே! சாமான் வச்சுக்கத் தெரிஞ்ச ஆளு சார் நீங்க."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் எல்லாப் பல்லையும் காட்டினேன்.

ஆபீசர் நன்றாகத்தான் வீசினார். நரம்பு ஆற்று நடுவுக்குப் போய் விழுந்தது. பிறகு காத்திருந்தோம். அப்பா கரையில் இங்கும் அங்கும் நடந்தார். மீன் பயப்படும், நில்லுங்கள் என்று ஆபீசர் சொன்னதும் நின்றார். நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஆபீசர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க விஷயம் மனசுல இருக்கு. மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு உருப்படியா ஒரு மீனு மாட்டட்டும், நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

"ரொம்ப நன்றி சார்," என்றார் அப்பா. நான் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை வருடம் மீனே சாப்பிடாத வீட்டுக்காக ஒரே ஒரு மீனைக் கொடு என்று சாமியைக் கேட்டேன்.

சாமி கொடுத்துவிட்டது. கம்பு சடாரென்று வளைந்தது. சின்னக் கெண்டையின் இழுப்பு இல்லை அது. ஆபீசர் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினார். கரகரவென்று அரைச் சுற்று வந்து அப்படியே நின்றுவிட்டது. நரம்பு விட்டுக் கொடுக்கவே இல்லை. கம்பு இன்னும் வளைந்தது.

"சார், முடியத் தளத்துங்க! தலையில இருக்குற முடி!" என்று அப்பா கத்தினார். ஆபீசர் ஒரு கையால் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். அப்பா தண்ணீரில் பாய்ந்து ரீலின் முடியைத் திருகினார். அது கல்லாகக் கிடந்தது. நரம்பு பட்டென்று அறுந்தது. மீனை நம்பி முழுப் பலத்தோடு பின்னால் சாய்ந்திருந்த ஆபீசர், தாமிரபரணியில் மல்லாக்க விழுந்தார். டிரைவர் சிரித்துவிட்டு, ஜீப்பில் ஏதோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டான். ஆபீசர் எழுந்து சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் வடிந்தது. அப்போது செல்போன் என்பது ஊருக்கு நாலு பேரிடம் இருந்த பொருள். அவர் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அப்பா ரீலை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனார். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். ஏன் அடம்பிடித்தேன் என்று தெரியவில்லை. பாய் ரீலைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக, இறுகிப்போய், சுவரில் பூசுகிற சாந்துபோல் இருந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது திருநீறுல்லா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. அவர் மறுபடி பாயிடம் திரும்பினார்.

"நான்தான் பாய். வெள்ளிச் சாமான்னு நெனச்சுத் தேச்சுட்டேன்."

"படிச்ச மனுசரு நீங்க," என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வருகிற பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும், இப்போது திட்டுவார், இப்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். பத்தமடை வந்தது. திட்டவில்லை. சேரன்மகாதேவி வந்தது. இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வீட்டில் காரணம் கேட்டபோது, நரம்பு மட்டம், அறுந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையாக வந்தது. என்னால்தான் இந்த வீட்டை விட்டுப் போகப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது இன்னும் பெரிய கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அந்த வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. அப்பா ஆபீசரைப் பார்க்க மூன்று முறை போனார். மூன்று முறையும் கூட்டம், ஆய்வு, வெளியூர். நாலாவது முறை போனபோது ஆபீசருக்கே மாறுதல் வந்து அவர் கிளம்பிப் போயிருந்தார். பெரியப்பா தினமும் நாள்காட்டியைப் பார்த்தார். அம்மா கிழமைக்கொரு சாமிக்கு விளக்குப் போட்டாள். நான் பெரியப்பாவின் சம்படத்திலிருந்து தினமும் இரண்டு முறை திருநீறு பூசிக்கொண்டேன்.

வைகாசியில் லிஸ்ட் வந்தது. அப்பாவின் பெயர் அதில் இல்லை.

பெரியப்பா லிஸ்டின் நகலை வாங்கி, கணக்கு வாத்தியாரல்லவா, கீழிருந்து மேலே ஒரு முறையும் மேலிருந்து கீழே ஒரு முறையும் பார்த்தார். இல்லவே இல்லை. கடைக்குப் போய் ஒரு கிலோ மிச்சர் வாங்கி வந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். "ஆபீசரு தங்கமான மனுசன். தண்ணிக்குள்ள தள்ளிவிட்டும் மனசுல வச்சுக்கிடல," என்றார். அண்ணன் சைக்கிளைத் துடைத்து என் முன்னால் நிறுத்தினான். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. நான் ஒன்றையும் கெடுக்கவில்லை.

நான் படித்து முடித்து, வேலை கிடைத்து, முதல் முறையாக ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றுதான் அம்மா சொன்னாள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, ஏதோ ஊறுகாயைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். அந்த மாறுதலைக் கேட்டதே அப்பாதான். தானாக எழுதிக் கொடுத்து, அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தாராம். ஆபீசரின் கையெழுத்து அதற்காகத்தான். அம்மா போட்ட விளக்கெல்லாம் அதற்காகத்தான். ஆபீசர் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்.

"நாம மூணு பேரும் தனியா ஒரு வீட்டுல இருக்கணும், நெனச்சப்ப நெனச்சதச் சாப்பிடணும்னு ஒரு ஆசை அவருக்கு. அண்ணங்கிட்ட நேருக்கு நேரா சொல்லத் தைரியம் இல்ல. ஆர்டர் வந்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?"

"அடுத்த வருசம் கேட்டிருக்கலாமேம்மா," என்றேன்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கிட்டக் கேட்டாராமே?"

கேட்டார். லிஸ்ட் வந்த அன்று சாயங்காலம் கேட்டார். வீடு முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாக இருந்தபோது அவரை மட்டும் காணோம் என்று தேடிக்கொண்டு போனேன். கிணற்றடியில் நின்றார். "அப்பா, நாம எங்கயும் போக வேண்டாமாம்!" என்று அவர் கையைப் பிடித்து ஆட்டினேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் வந்து அவர் பேசியதே இல்லை.

"ஏட்டி, நாம மட்டும் வேற ஊருல, தனியா ஒரு வீட்டுல இருந்தா உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காது. எப்பவும் இங்கனதான் இருக்கணும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்ப சரி," என்றார்.

அப்படி ஒரு கேள்வியை ஒரு பெரிய மனிதர் நிஜமாகவே கேட்பார் என்றோ, ஒன்பது வயதுப் பிள்ளை சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு அதன்படியே வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் இருந்துவிடுவார் என்றோ எனக்குத் தெரியாது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. உள்ளே மிச்சர் தீர்ந்துகொண்டிருந்தது.